பெருநாரைக் கூட்டு மரங்களைக் குஞ்சு பறக்கும்வரை வெட்டாதிருக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்டச் செயலாளர் அவர்கள், மாவட்டச் செயலகம், அம்பாறை.
அனுப்புநர்: பொத்துவில் பகுதிக் குளங்களை அண்டிய விவசாயிகள், நன்னீர் மீனவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

குளத் திருத்த வேலைக்கு மரம் வெட்டும்போது குளக்கட்டில் நிற்கும் மரங்களோடு, அலைகரையில், அதாவது கட்டுக்கு அப்பால் நீர்ப்பரப்பின் ஓரத்தில், நிற்கும் பழைய மருதும் பாலையும் சேர்ந்தே சரிக்கப்படுகின்றன. கட்டில் நிற்பவற்றை அகற்றுவதை நாங்கள் மறுக்கவில்லை. வேர் உக்கினால் அந்த வழியே நீர் கசியும். அலைகரை மரத்தால் கட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பெருநாரை கூடு வைப்பதோ அந்த மரங்களில்தான்.

தலையும் கழுத்தும் இறகற்ற, நாலடி உயரப் பறவை இது. மஞ்சள் மூக்கு நாரை கழுத்தை நீட்டிப் பறக்கும், இது மடித்துக்கொண்டு பறக்கும். மீன், தவளை, எலி, பாம்பு, சில வேளை செத்த பிராணி, எல்லாம் இதற்கு இரை. வற்றும் குளத்தில் அழுகக் கிடப்பதையும் பொறுக்கித் தின்னும்.

கூடு ஒரு மீற்றருக்கும் மேல் அகலமான சுள்ளி மேடை. உயர்ந்த மரத்தின் தடித்த கவடுதான் அதைத் தாங்கும், பெரிய சிறகோடு இறங்கத் திறந்த வெளியும் வேண்டும். வெட்டியதற்கு ஈடாகக் கன்று நட்டால் அது கூடு தாங்கப் பல பத்தாண்டுகள் செல்லும். 2 முதல் 4 வரை வெள்ளை முட்டைகள் இடும், அடைகாக்கையிலேயே அவை அழுக்கேறிவிடும். பொரிக்க 28 முதல் 30 நாட்கள். குஞ்சு பறக்க அதன்பின் பல வாரங்கள் வேண்டும். அந்த நாட்களில் மரத்தடியில் வாள் இயந்திரம் ஓடினால் தாய்ப்பறவை எழும்பிவிடும். நிழலின்றி முட்டை வெயிலில் கெடும், மிச்சத்தைக் காகம் கொத்தும். மரம் விழாமலேயே கூடு அழிவது இப்படித்தான்.

கூட்டு மரத்தை அறிவது கடினமல்ல. அடியிலுள்ள இலைகளில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் எச்சம், தரையில் மீன் முள், மேலே சொண்டு தட்டும் ‘டக டக’ ஓசை. ஏறிப் பார்க்க வேண்டாம், நூறு மீற்றர் தள்ளி நின்று தொலைநோக்கியால் பார்த்தால் போதும்.

ஆகவே, வேலை தொடங்குமுன் கிராம உத்தியோகத்தர், வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானை, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள உத்தியோகத்தர் மூவரும் அலைகரையை நடந்து பார்த்துக் கூட்டு மரங்களுக்கு வண்ணக் குறியிட வேண்டும். குறியிட்ட மரத்தைச் சுற்றி நூறு மீற்றருக்குள் தை முதல் ஆனி வரை எவ்வித வேலையும் நடக்கக்கூடாது. இந்த நிபந்தனை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும், வாய்ச்சொல்லாகச் சொன்னால் இயந்திரம் ஓட்டுபவரிடம் அது போய்ச் சேராது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பறவையோடு அதன் முட்டையையும் கூட்டையும் காக்கிறது.

இன்னொன்று: நம் மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீன் தின்று இறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். செத்ததையும் தின்னும் பெருநாரைக்கும் அந்தக் கதி நேரலாம் என்பதால், இறைச்சிக் கழிவைப் பொலித்தீன் பையோடு குளக்கரையில் வீசுவதையும் பிரதேச சபைகள் மூலம் தடுக்க வேண்டுகிறோம்.

அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன் குறியிடும் வேலை முடிய ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கையொப்பமிட்டுள்ள விவசாயிகளும் மீனவர்களும்