அகதிகளுக்குத் தையல் வகுப்பு: மெஷினும் தாளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அகதிகளுக்குத் தையல் வகுப்பு தொடங்க நினைக்கும் சங்கங்கள் முதலில் வாங்குவது வீட்டுத் தையல் மெஷின். கோளாறு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. காங்கோவிலிருந்தும் புருண்டியிலிருந்தும் வந்தவர்களில் ஒரு சட்டையை வெட்டி, தைத்து, முடித்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் உண்டு. ஆடைத் தொழிற்கூடம் கேட்பதோ வேறு. அங்கே ஒருவர் நாள் முழுக்கக் காலர் மட்டும் வைப்பார், அடுத்தவர் பக்கத் தையல் மட்டும் போடுவார். மணிக்கு இத்தனை என்று கணக்கு.

எனவே தொழிற்கூட மெஷினும், துணி ஓரத்தை வெட்டிப் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினும் கட்டாயம் வேண்டும். முதல் சில நாள் நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் ஊசியை ஓட்டிப் பழகட்டும். பெடலை மிதிக்கும் அளவு காலுக்குப் பிடிபட்ட பிறகுதான் துணி. டி-சர்ட் துணிக்கு உருண்டை முனை ஊசி போட வேண்டும். கூர் ஊசி போட்டால் இழை அறுந்து, ஒரு சலவையிலேயே ஓட்டை விழும். சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட் அக்காமாரை விடப் பொருத்தமானவர் யார்? நம் பெண்கள் தலைமுறையாகச் செய்த தொழில்தானே இது.

கை தேர்ந்த பிறகும் வேலை தட்டிப்போவது பெரும்பாலும் அனுமதித் தாளால். புகலிடம் கேட்டிருப்பவரிடம் அகதிகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவுத் தாளும், அகதியாக ஏற்கப்பட்டவரிடம் 24-ஆம் பிரிவுத் தாளும் இருக்கும். 22-ஆம் பிரிவுத் தாளானால் முடியும் தேதியோடு, வேலை செய்யலாம் என்ற குறிப்பும் இருக்கிறதா என்று முதலாளி பார்க்க வேண்டும். தேதி தாண்டினால் வங்கி கணக்கை முடக்கிவிடும், போட்ட சம்பளம் உள்ளேயே கிடக்கும். முடியும் தேதியைச் சம்பளப் பேரேட்டில் குறித்துவைத்து, புதுப்பிக்கச் சொல்லி முன்கூட்டியே நினைவூட்டுங்கள்.

22-ஆம் பிரிவுத் தாளில் இருப்பது 13 இலக்க அடையாள எண் அல்ல, எழுத்தும் எண்ணும் கலந்த கோப்பு எண். படிவத்தில் அடையாள எண் கட்டத்தை நிரப்ப ஏதோ ஓர் எண்ணை இடுவது மகா தவறு. தொழிலாளி 1%, முதலாளி 1% என்று மாதாமாதம் கட்டிய வேலையின்மைக் காப்பீட்டை, பிறகு அவர் கேட்கும்போது பெயரும் எண்ணும் பொருந்தாது. குறைந்தபட்சக் கூலி அகதிக்கும் உண்டு. 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டு ஆயிற்று. “தாள் இல்லாதவர்தானே” என்று குறைத்துக் கொடுப்பது சட்டப்படி செல்லாது, நியாயமும் இல்லை.

வகுப்பு இடங்களில் பாதியை உள்ளூரில் வேலையில்லாதவர்களுக்கு ஒதுக்குங்கள். 2015 ஏப்ரலில் வெளிநாட்டவர் மீதான தாக்குதலில் துரத்தப்பட்டவர்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கூடாரத்தில் தங்கியதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மெஷின் வாங்கும் முன்பே இரண்டு மூன்று தொழிற்கூடங்களிடம் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
தொழிற்பயிற்சித் தொண்டர்கள்,
சாட்ஸ்வொர்த், டர்பன்