ஆண்டு மலருக்குப் பிள்ளைகளின் படம்: வெள்ளைச் சுவர் வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பின் ஆண்டு விழா நெருங்கிவிட்டது. மலரின் அட்டையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்பதுபோல் அச்சிட இருக்கிறோம். எல்லாரையும் ஒரே நாளில் கூட்டி நிறுத்துவது யாங்கூனில் நடக்கிற காரியமில்லை. அதனால்தான் வீட்டிலேயே படமெடுத்து அனுப்பச் சொன்னோம். பின்னணியை நீக்கி ஒன்றுசேர்ப்பது எங்கள் வேலை.

இதுவரை வந்த படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கின்றன: அரசுப் பள்ளிச் சீருடையில் வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி, பின்னால் வெள்ளைச் சுவர். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வெட்டி எடுப்பது பெரும்பாடு. படங்களைத் திருத்தும் போட்டோஷாப் மென்பொருளில் மேஜிக் வாண்ட் என்று ஒரு கருவி உண்டு. சுவரில் ஓரிடத்தைத் தொட்டால், அதே நிறத்தை ஒட்டிய இடங்களையெல்லாம் அது தேர்ந்தெடுக்கும். எவ்வளவு வித்தியாசம் வரை 'அதே நிறம்' என்று கொள்ளலாம் என்பதை டாலரன்ஸ் என்ற எண் தீர்மானிக்கிறது; மென்பொருள் தானாக வைத்திருப்பது 32. வெள்ளைச் சட்டைக்கும் வெள்ளைச் சுவருக்கும் அந்த அளவு வித்தியாசம்கூட இருப்பதில்லை. சுவரோடு பிள்ளையின் தோளும் போய்விடும். எண்ணைக் குறைத்தாலோ, சுவரில் விழுந்த நிழல் திட்டுத் திட்டாக மிஞ்சும். ஒட்டியிருக்கும் இடங்களை மட்டும் எடு என்ற குறியை நீக்கிவிட்டால் இன்னும் வேடிக்கை: கண்ணின் வெள்ளையும் சிரிக்கிற பல்லும் சேர்ந்தே காணாமல் போகும்!

ஆகவே பிள்ளை உடுத்தியிருப்பதில் இல்லாத நிறத்தில் ஒரு துணியைப் பின்னால் கட்டுங்கள். சீருடைக்குப் பூப்போடாத நீலப் படுக்கைவிரிப்பு போதும். சினிமாக்காரர்கள் பச்சைத் திரை கட்டுகிறார்களே என்று பச்சைத் துணி கட்டிவிடாதீர்கள். லுங்கி போய் பிள்ளை இடுப்போடு நிற்கும். கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த சந்தன நிறப் பூச்சு) பூசியிருந்தால் மஞ்சள், சந்தன நிறச் சுவரும் ஆகாது. தனக்காவை அழிக்க வேண்டாம், சுவரை மாற்றுங்கள். நம் பிள்ளைகள் அந்த முகத்தோடுதான் மலரில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரும் வேண்டாம்.

பிள்ளை துணியிலிருந்து மூன்றடியாவது முன்னால் தள்ளி நிற்கட்டும். அப்போதுதான் நிழல் துணியில் விழாது. ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு நேராக வர வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. கைகளை உடம்போடு ஒட்டி வைக்காமல் சற்று விலக்கி வைத்தாலும் பரவாயில்லை, அந்த இடைவெளியைத் தனியாக எடுத்துவிடலாம். உண்மையில் சிரமம் தருவது தலைமுடி. பறக்கிற முடியைச் சுற்றிப் பழைய பின்னணியின் நிறம் மெல்லிய கோடாகத் தங்கிவிடும். எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பின்னிவிடுங்கள். மல்லிகைப் பூ தாராளமாக வைக்கலாம், நீலத் துணிக்கு முன்னால் அது பளிச்சென்று தெரியும்.

வைபரில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, ஓரங்களில் பிசிறு தட்டிவிடுகிறது. கோப்பாக இணைத்து அனுப்புங்கள். பின்னணியை நீங்களே நீக்கி அனுப்ப வேண்டியதில்லை. சிலர் ஆர்வத்தில் நீக்கிவிட்டு ஜேபெக் ஆகச் சேமித்திருக்கிறார்கள். அந்த வகைக் கோப்பில் ஒளி ஊடுருவும் பகுதி நிற்காது, நீக்கிய இடத்தில் மறுபடி வெள்ளை வந்து உட்கார்ந்துவிடும். பிஎன்ஜி ஆக இருந்தால்தான் நிற்கும். இன்னும் ஒன்று: பின்னணியை இலவசமாக நீக்கித் தருகிறோம் என்று சொல்லும், யார் நடத்துவதென்று தெரியாத தளங்களில் பிள்ளைகளின் முகத்தை ஏற்றாதீர்கள். நம் பள்ளிக் கம்ப்யூட்டரில் உள்ள, படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருள் இலவசமானது, இணையம் இல்லாமலே வேலை செய்யும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு இந்த வேலையைச் சொல்லித் தருகிறோம். அழிப்பானால் நேரடியாக அழிக்காமல் லேயர் மாஸ்க் என்ற திரையைப் படத்தின் மேல் போட்டு மறைக்கத்தான் முதலில் பழக்குகிறோம். தப்பாக மறைத்ததை மறுபடி கொண்டுவந்துவிடலாம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அடிக்கடி சேமிக்கவும் சேர்த்தே பழகுகிறார்கள்.

திஞ்சான் (மியன்மார் புத்தாண்டு) விடுமுறையில் அச்சகம் மூடிவிடும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் படங்கள் வந்து சேர வேண்டும். வெள்ளைச் சுவர் முன் எடுத்து ஏற்கெனவே அனுப்பியவர்கள் தயவுசெய்து இன்னொன்று எடுத்து அனுப்புங்கள். கைப்பேசியில் நல்ல கேமரா இல்லாதவர்கள் பிள்ளையைச் சனிக்கிழமை காலை வகுப்புக்குச் சற்று முன்னதாக அனுப்பிவையுங்கள். நீலத் துணி பள்ளியிலேயே கட்டியிருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்