கரை கடந்த பிறகு

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று ரெண்டே நிமிஷத்தில் வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கப்பா இதைப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் போடுவார். கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சொல்லாதே, உனக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்ததே இந்தக் கைதான்.

நேற்று சிரித்தாயே, "கடலோரத்தில் இருக்கிறது நான், புயலைப் பார்த்துக்கிட்டு இருக்கிறது நீயா?" என்று. மாப்பிள்ளையும் பக்கத்தில் சிரித்தது கேட்டது. சிரிங்கள், பரவாயில்லை. கார்த்திகை பிறந்ததிலிருந்து என் கையில் போன் இருக்கிறது என்று உங்கப்பாவும்தான் கேலி பண்ணுகிறார். ஆனால் ராத்திரி எழுந்தால் முதலில் "இப்ப எங்க இருக்குது?" என்று கேட்பது அவர்தான்.

இப்போது அது தாழ்வு மண்டலமாக இருக்கிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்று சொல்லிப் பெயர் வைப்பார்கள். 50-க்கு மேல் இருந்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 31-க்கு மேல் என்றால் வெறும் தாழ்வு மண்டலம். பார், இந்தப் பட்டமெல்லாம் காற்றை வைத்துக் கொடுப்பது. மழையை வைத்து இல்லை. நான் சொல்ல வந்ததே இதுதான். பெயர் வைக்காத ஒன்று நம்மை மூழ்கடிக்கும், பெயர் போன பிறகும் மூழ்கடிக்கும்.

ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பார். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. டிவி முழுக்கக் கடல் அலையும் மைக் பிடித்த பையன்களும்தான். காற்று 70, 80 கிலோமீட்டர், சில நேரம் 90. கடந்தாயிற்று, வலுவிழந்தது என்று கீழே எழுத்து ஓடியதும் நம்ம ஊத்தங்கரையில் எல்லோரும் டிவியை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். நமக்கு என்ன, கடல் எங்கே நாம் எங்கே. ஆனால் அது புதுச்சேரி மேலேயே நகராமல் நின்றது. அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டு, மெதுவாக மேற்கே திரும்பி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம் பக்கம் வந்து சேர்ந்தது. அப்போது அதற்குப் புயல் என்ற பட்டமே கிடையாது. காற்று தளர்ந்துவிட்டது, ஆனால் கடலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த ஈரம் தளரவில்லை. திங்கள்கிழமை காலை எட்டரைக்கு எடுத்த கணக்கில் ஊத்தங்கரை 50 சென்டிமீட்டர், அரூர் 33.

50 சென்டிமீட்டர் என்று செய்தியில் படித்தால் முழங்கால் அளவு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஒரு ஏக்கரில் அவ்வளவு மழை விழுந்தால் 20 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரி என்றால் 200 லாரித் தண்ணீர், ஒரே ஒரு ஏக்கருக்கு! நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 85 சென்டிமீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் ஒரு ராத்திரி ஒரு பகலில் வந்தால் எந்த ஏரி தாங்கும்?

தாங்கவில்லை. ஏரி நிரம்பிக் கோடி போன தண்ணீர் ஊருக்குள் திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன், கார் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போனதை நீயும் போனில் பார்த்தாய். அந்த வண்டிகளை நிறுத்தியிருந்த இடம் தண்ணீர் போகிற வழி. பல வருஷமாக இப்படி மழை இல்லாததால் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. நம்ம பக்கம் வறண்ட சீமை என்று பெயர் வாங்கியது. போர் போட்டால் ஃபுளோரைடு தண்ணீர், ஒகேனக்கல் குழாய் வந்த பிறகுதான் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளின் பல்லுக்கு விடிவு காலம் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் வெள்ளம் என்றால் யார் நம்புவார்கள்? வாய்க்கால் மேலே கடை கட்டினவர்களும் நம்பவில்லை, கட்ட விட்டவர்களும் நம்பவில்லை. அதை விடு, அதைப் பேச ஆரம்பித்தால் உங்கப்பா பேப்பரைப் பிடுங்கிவிடுவார்.

மாட்டுக்கொட்டகைக் கதை உனக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்குக் காட்டுக் கதையை நான் உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பார்வைக்குச் செடி நன்றாகத்தான் நின்றது. இலை பச்சையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒரு செடியைப் பிடுங்கினேன். கிழங்கு கையோடு வரவில்லை, தண்டு மட்டும் வந்தது. மண்ணுக்குள் கையை விட்டுத் தோண்டினால் தோல் வழுக்கிக்கொண்டு போகிறது, உள்ளே கொழகொழவென்று, புளித்த கஞ்சி வாடை. விரலை எங்கே அழுத்தினாலும் பள்ளம். மில்லுக்கு எடுக்கிற ஆள் வந்து வரப்பில் நின்றே பார்த்தார், காட்டில் இறங்கவே இல்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்கா" என்று வண்டியை எடுத்தார். மரவள்ளிக்குத் தண்ணீர் நிற்கவே கூடாது, ரெண்டு நாள் நின்றாலே போச்சு. ராகிக் கதிர் அறுத்துப் போட்டிருந்தவர்களுக்கு முளை விட்டது. இந்த முறை நான் முந்திக்கொண்டேன். மேட்டுக்காட்டு ராகியை அறுத்து, அடித்து, மூட்டை கட்டிப் பரணில் ஏற்றியாகிவிட்டது. கிழங்கை அவசரப்பட்டுப் பிடுங்க முடியாது, அதனால் காட்டைச் சுற்றி வடிகால் மட்டும் வெட்டி வைத்திருக்கிறோம்.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ இருப்பது கடலூர் ஆல்பேட்டை. வீட்டிலிருந்து நடந்தால் தென்பெண்ணைப் பாலம். அந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறாயா? நந்தி மலையில் கிளம்பி, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், இருமத்தூர், நம்ம அனுமன்தீர்த்தம். சின்ன வயதில் ஆடி பதினெட்டுக்கு நீ குளித்த அதே துறைதான். ஊத்தங்கரைப் பக்கத்துப் பாம்பாறும், சேர்வராயன் மலையிலிருந்து அரூர் வழியாக வருகிற வாணியாறும் அதில் சேர்கின்றன. எல்லாம் சேர்ந்து சாத்தனூர் அணைக்குப் போய், அங்கிருந்து திருக்கோவிலூர், விழுப்புரம் மாவட்டம், கடைசியில் உன் ஊரில் கடல். எங்கள் தலையில் பெய்கிற மழை உன் வாசலுக்குத்தான் வரும்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூரில் திறந்தது வினாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கனஅடி. லிட்டரில் சொன்னால் ஒரு வினாடிக்கு 47 லட்சத்துக்கு மேல். உங்கள் பக்கம் புயல் கடந்து ஒரு நாள் ஆகிவிட்டது, இனி என்ன என்று ஜனங்கள் வீட்டைக் கழுவப் பார்க்கிற நேரம் அது. தாழங்குடா, நாணமேடு பக்கமெல்லாம் படகு வைத்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதனால் உன் தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு எடுக்காதே கண்ணு. உங்களுக்கு வெயில் அடித்தாலும் எங்களுக்குக் கொட்டினால் நீ மூட்டை கட்டு.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாய். டிவியில் "மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்" என்று ரெண்டு கணக்கு சொல்வார்கள். ஒன்று காற்று வீசுகிற வேகம், இன்னொன்று புயல் நகர்கிற வேகம். எல்லோரும் முதல் கணக்கைக் கேட்டுத்தான் பயப்படுகிறார்கள். நீ ரெண்டாவதைப் பார். மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டரில் ஓடினால் அடித்துவிட்டுப் போய்விடும். மூன்று, நான்கு என்று சொன்னாலோ, "ஏறக்குறைய நகராமல் நிலைகொண்டுள்ளது" என்று சொன்னாலோ அதுதான் ஆபத்து. சில விருந்தாளிகள் மாதிரி, வந்ததில் தொல்லை இல்லை, கிளம்பாததில்தான்.

அடுத்தது, எங்கே கடக்கிறது என்பது. புயலுக்கு வடக்கே இருக்கிறவர்களுக்குக் கடலிலிருந்து கரைக்குக் காற்று வரும், மழையைத் தூக்கிக்கொண்டு வரும். அதனால் உனக்குத் தெற்கே, நாகப்பட்டினம் பக்கம் கடந்தால் "அப்பாடா, தப்பித்தோம்" என்று நினைக்காதே. அப்போது மழைப் பக்கம் இருப்பது நீதான். வடக்கே கடந்தால் முதலில் உங்களுக்குத் தரைக்காற்றுதான் வரும், மழை குறையலாம். ஆனாலும் ஆற்றுத் தண்ணீர் இருக்கிறதே. படத்தில் போடுகிற ஒற்றைக் கோட்டை நம்பாதே. அதைச் சுற்றி விரிந்துகொண்டே போகிற கூம்பு ஒன்று இருக்கும், அதற்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அர்த்தம். காரைக்கால் ரேடார் படத்தை நான் அப்பப்போ பார்க்கிறேன், உனக்கும் அனுப்புகிறேன். திறந்து பார்.

இங்கே நான் வாசலில் ஒரு தூக்குப்போசி வைத்திருக்கிறேன். அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கிறதாகப் பார்த்து எடுத்தேன், வாய் விரிந்த பாத்திரம் கணக்குக்கு உதவாது. காலை எட்டரைக்கு உன் பழைய ஸ்கேலை விட்டுப் பார்த்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும். ஆபீஸ்காரர்கள் கணக்கும் எட்டரையிலிருந்து எட்டரைதான். அதை உனக்குத் தினமும் போடுகிறேன். பத்தைத் தாண்டினால் சாத்தனூர் செய்தியைத் தேட ஆரம்பி. இருபதைத் தாண்டினால் தேடிக்கொண்டு இருக்காதே, கிளம்பிவிடு.

சம்பந்தியம்மா வேறு மாதிரி சொல்வார்கள் என்று தெரியும். அவர்களுக்குப் புயல் என்றால் 'தானே' புயல்தான். 2011 டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் அவர்கள் அண்ணன் தோப்பில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் கண் கலங்கும். அது காற்றுப் புயல். அதைப் பார்த்தவர்களுக்கு, மரம் ஆடாவிட்டால் புயலே இல்லை என்று தோன்றுவது நியாயம்தான். நீ எதிர்த்துப் பேசாதே. "எங்க ஊர்ல தண்ணி அதிகமாயிடுச்சாம், அம்மா பயப்படறாங்க அத்தை" என்று என் பேரில் சொல்லிவிடு. பயந்தவள் என்று பெயர் வந்தால் எனக்கு வரட்டும்.

வேலைகளை இன்றைக்கே ஆரம்பித்துவிடு. மாப்பிள்ளை வண்டியை ஆற்றுப் பக்கத்துச் சந்தில் நிறுத்தாமல் மேடான இடமாகப் பார்த்துப் போடச் சொல். ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மேல் அலமாரியில் வை. பிரிட்ஜுக்கு அடியில் நாலு செங்கல் கொடு. குடிக்கிற தண்ணீரைப் பிடித்து மூடி வை, வெள்ளம் வந்தால் வீடு பூராத் தண்ணீர் இருக்கும், குடிக்க ஒரு வாய் இருக்காது. தரையோரமாக இருக்கிற பிளக்கில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னாலேயே மெயினை அணைத்துவிடச் சொல், ஏறின பிறகு யாரும் கிட்டப் போகவே கூடாது. கலெக்டர் ஆபீஸ் எண் 1077, சுவரில் எழுதி வை, போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் போனதும் அதுவும் போய்விடும். மாவாட்டிப் பெரிதாக வைத்துக்கொள்ளாதே, கரண்ட் போனால் ஒரே நாளில் புளித்துவிடும். அவல், ராகி மாவு, பொட்டுக்கடலை இருந்தால் போதும்.

போன வாரம் உங்கப்பா பஸ்ஸில் போட்டுவிட்ட பையில் ராகி மாவு இருந்ததே, அது இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டாயா? தீர்ந்துவிட்டால் நாளைக்குக் காலை வண்டியில் இன்னொரு மூட்டை அனுப்புகிறேன். ஊத்தங்கரையில் இப்போதைக்கு மழை இல்லை. கிழக்கே மட்டும் மேகம் கட்டியிருக்கிறது. பஸ் எல்லாம் ஓடுகிறது. நீயும் குழந்தையும் நாளைக்கே கிளம்பி இங்கே வந்துவிட்டால் எனக்கு இன்னும் நல்லது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இந்தப் பக்கமும் எப்படி இருக்கும் என்று தெரியாமல் உன்னை வழியில் விட எனக்கு மனசு இல்லை. விழுப்புரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா வீடு மேட்டில் மாடி வீடுதானே, அங்கே போய் ரெண்டு நாள் இருங்கள். அவர்களிடம் நானே பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கீழே ரோட்டில் தண்ணீர் வந்தாலும் மாடியில் இருக்கலாம். போவதென்றால் நாளை மாலைக்குள் போய்விடுங்கள், ஆற்றில் தண்ணீர் விட்ட பிறகு எந்த ரோட்டை மூடுவார்கள் என்று சொல்ல முடியாது.

இதைப் படித்ததும் "பார்த்தேன்" என்று மட்டும் போடாதே. எப்போது கிளம்புகிறீர்கள் என்று நேரம் போடு.

அம்மா