பாதை ஓடாத நாளில் ஒரு பலகையாவது வையுங்கள்: ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு திறந்த மடல்

காரைநகர் - ஊர்காவற்றுறை பாதைச் சேவைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். பாதை மறுபடியும் நின்றது உங்களுக்குத் தெரியும். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம். எஞ்சின் பழுதுபடும், உப்புக் காற்றில் இரும்பு கறள் பிடிக்கும், உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும். எல்லாம் விளங்கும். கடலை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. எஞ்சின் சங்கதி தெரியாதவர்கள் இல்லை நாங்கள். அதனால் பாதை ஏன் பழுதானது என்று கேட்க இதை எழுதவில்லை. பழுதானதை ஏன் எங்களுக்குச் சொல்வதில்லை என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்காவற்றுறையும் காரைநகரும் இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் எதிரெதிரே இருக்கிற ஊர்கள். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு இல்லை. கடலில் மிதக்கிற தட்டையான இரும்புத் தளம். ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், மரக்கறிச் சாக்கு எல்லாம் அதில் ஏறும். இக்கரையில் நின்றால் அக்கரை கண்ணுக்கு எதிரே தெரியும். ஆனால் அது ஓடாவிட்டால் வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம், யாழ்ப்பாணப் பட்டணம், மானிப்பாய், சங்கானை, மூளாய், பொன்னாலைப் பாலம் என்று சுற்றித்தான் காரைநகருக்குப் போகவேண்டும். ஏறக்குறைய 40 கிலோமீற்றர்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு செவ்வாய் இரவு, காரைநகரில் என் பெரியம்மா காலமானார். அம்மாவின் ஒரே அக்கா. பிள்ளைகள் எல்லாரும் ஊரில்தான், வெளிநாட்டிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. எனவே மறுநாளே எடுப்பதென்று முடிவாயிற்று. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு இராகுகாலம் என்பதால் பதினொன்றரைக்குள் எடுத்துவிடவேண்டும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நாங்கள் அவசரப்படவில்லை. பாதையில் ஏறினால் அரைமணி நேரத்தில் செத்தவீட்டு வாசலில் நிற்கலாமே.

ஒன்பது மணிக்கு இறங்குதுறைக்குப் போனோம். பாதை கட்டிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டேன். "இப்ப பார்க்கினம், கொஞ்சம் பொறுங்கோ" என்றார். பொறுத்தோம். எங்களைப் போல இன்னும் இருபது பேர் பொறுத்தார்கள். வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது, சின்னப் படகுக்காரரைக் கேட்டால் இந்தக் காற்றில் வயது போனவர்களை ஏற்றமாட்டேன் என்றார். அதில் பிழை சொல்ல முடியாது. பத்து மணி ஆகப்போகிற நேரத்தில் தேநீர்க் கடைக்காரர்தான் போகிற போக்கில் சொன்னார்: "அது நேற்றுப் பின்னேரமே நிண்டிட்டுது தம்பி."

நேற்றுப் பின்னேரம்! அப்படியென்றால் அது நின்றது ஒரு இரவு முழுக்க யாருக்கோ தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் நிம்மதியாக நித்திரை கொண்டு எழும்பியிருக்கிறார்கள். எங்களுக்கும் அது தெரிந்திருந்தால் காலை ஏழு மணிக்கே ஓட்டோவைப் பிடித்துத் தரைவழியாகப் போயிருப்போம்.

பிறகு ஓட்டோ தேடி, பேசி, புறப்பட்டுப் போய்ச் சேரும்போது பன்னிரண்டுக்குக் கிட்ட. பிரேதம் சுடலைக்குப் போய்விட்டது. வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் தண்ணீரும் பூவும் சேர்ந்து ஓடியது. எங்களுக்காகக் கடைசி நிமிடம்வரை பொறுத்தார்களாம். அம்மா வீட்டிலிருந்தே ஒரு பிடி பச்சையரிசியைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தார், அக்காவுக்கு வாய்க்கரிசி போட. அங்கே அரிசி இருக்கும் என்று நான் சொன்னபோதும் கேட்கவில்லை. தன் வீட்டு அரிசியாக இருக்கவேண்டும் என்றார். அந்த முடிச்சை அவிழ்த்து எங்கே போடுவது என்று தெரியாமல் இரவு திரும்பி வரும்வரை அப்படியே வைத்திருந்தார். ஓட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டைதீவுச் சந்தி தாண்டும்போது மட்டும், "முன்னாடியே சொல்லியிருக்கலாம்தானே" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

எனவே என் கோரிக்கை சின்னது. பாதை ஓடாத நாளில், இரு கரையிலும், காலை ஆறு மணிக்கு முன் ஒரு பலகையில் "இன்று பாதை ஓடாது" என்று எழுதி வையுங்கள். திருத்தம் நீண்டால், வேறு பாதை வரும்வரை காற்றைத் தாங்கக்கூடிய ஒரு படகை விடுங்கள். பாலம் கேட்கவில்லை. பாலம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தேர்தல் வந்தால் பாலமும் வரும், தேர்தலோடு போய்விடும்.

அறிவித்தல் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதையும் பணிவோடு ஞாபகப்படுத்துகிறேன். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. அதில் வருகிற ஊராத்துறை எங்கள் துறைதான். பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வரவேண்டும், வந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; வேறு சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. அதாவது கலம் கெட்டால் என்ன செய்வது என்று எண்ணூறு வருடத்துக்கு முன்பே, அதுவும் எங்களுக்கு விளங்குகிற மொழியில், கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். உங்களிடம் கல் கேட்கவில்லை. மரப்பலகை போதும்.

யானைக்கும் இந்தத் துறைக்கும் அதற்குப் பிறகும் தொடர்பு விடவில்லை. வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவுக் களப்பைத் தாண்டி நடந்து வந்து இங்கே கப்பலேறின. போர்த்துக்கீசர் இதை யானைகளின் துறை என்றே அழைத்தார்கள்; துறை என்பதற்கான அவர்களுடைய சொல்தான் கயிட்ஸ் என்று ஆகி இன்றும் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது. யானையை ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிய துறையிலிருந்து எழுபத்திரண்டு வயது மனுசியை எதிர்க்கரைக்கு அனுப்ப முடியவில்லை.

இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிற கடற்கோட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கீசர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே குடிதண்ணீர் இல்லாமல் சரணடைந்தார்கள். இப்போது அது கடற்படை நடத்துகிற விடுதி. விருந்தினரை ஏற்றிப்போகப் படகு உண்டு. நல்லது, உல்லாசப் பயணிகள் வரட்டும். ஆனால் அன்று நாங்கள் இறங்குதுறையில் ஒருமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றதும் அந்தக் கோட்டையைத்தான்.

குடிதண்ணீர் என்றதும் இன்னொன்று. தீவுப்பகுதியில் உவர்க் கிணறுகளோடு நாங்கள் படுகிற பாடு, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வருகிற நாளைப் பார்த்து வாளிகளை வரிசையில் வைக்கிற கதை... அது உங்கள் திணைக்களத்து வேலை இல்லை, தெரியும். எதுவும் யாருடைய வேலையும் இல்லை. என் பாட்டனார் காலத்தில் அரிசியும் ஓடும் மரமும் தோணிகளில் வந்து இறங்கிய ஊர். அந்தக் காலத்துக் கல்வீடுகள் கூரையில்லாமல், சுவரில் ஆலங்கன்று முளைத்து நிற்கின்றன. 1990களில் இடம்பெயர்ந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஊரின் பெயர் தெரிவது, பிடிபட்ட மீனவர்களை ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் முற்படுத்தினார்கள் என்ற செய்தியில் மட்டும்தான். திருச்சபைக்காரரும் தமிழ் ஆராய்ச்சிக்காரரும் கொண்டாடுகிற தனிநாயகம் அடிகள் பிறந்ததும் இங்கே கரம்பொனில்தான். உலகத் தமிழர்களை ஒரு மாநாட்டில் கூட்டிய மனிதர். அவருடைய ஊரிலிருந்து காரைநகருக்குப் போக 40 கிலோமீற்றர் என்றால் அவரே சிரித்திருப்பார்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பாதையில் வேலை செய்கிற பையன்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயிலிலும் மழையிலும் எங்களை ஏற்றி இறக்குபவர்கள் அவர்கள். எங்களிடம் திட்டு வாங்குபவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கும் மேலிடத்திலிருந்து ஒன்றும் சொல்லப்படுவதில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகவே மறுபடியும் தாழ்மையுடன் கேட்கிறேன். ஓடாத நாளில் ஒரு பலகை, நீண்ட திருத்தமென்றால் ஒரு மாற்றுப் படகு. செலவுதான் தடை என்றால் பலகையை நாங்களே செய்து தருகிறோம். எங்கள் ஒழுங்கையில் தச்சுவேலை தெரிந்தவர் இருக்கிறார். ஒரு பெட்டி வெண்கட்டியும் வாங்கி வைக்கிறோம். எழுதுகிற ஆளை மட்டும் நீங்கள் அனுப்பினால் போதும்.

பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை. அம்மா இப்போதே கேட்கிறார், அன்று பாதை ஓடுமா என்று. யாரிடம் கேட்டுச் சொல்வது என்பதையாவது தயவுசெய்து அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஊர்காவற்றுறைவாசி ஒருவன்