பிளேசர், பெரட், ரிப்பன் பார், மக்: நான்கும் தவறாக அனுப்பியது குறித்த புகார்

அனுப்புநர்:
செயலாளர், முன்னாள் படைவீரர் நலச் சங்கம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, திருப்பூர்.

நாள்: 09.02.2026

பொருள்: எங்கள் உறுப்பினர் விற்பனைக் கடைக்கு நீங்கள் அனுப்பிய சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சரியானதைத் தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இது எங்களுடைய ஏழாவது கடிதம். முதல் ஆறுக்கும் பதில் இல்லை. போனில் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் தருகிறீர்கள், மறுநாள் காலை "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. எதைத் தீர்த்தீர்கள் என்று கேட்டால் தெரிந்தவர் யாரும் லைனில் இல்லை.

ஆர்டரின் விவரம் உங்களிடமே இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறோம். 2025 ஆகஸ்ட் 18 அன்று கொடுத்தது. பிளேசர் 60, ஒன்று 2,400 ரூபாய். பெரட் (படைவீரர் அணியும் தொப்பி) 85, ஒன்று 320. ரிப்பன் பார் (பதக்க ரிப்பன்களை வரிசையாகக் கோத்த பட்டை) 70, ஒன்று 180. மக் 120, ஒன்று 140. வரி இல்லாமல் 2,00,600 ரூபாய். 1,20,000 முன்பணம். டிசம்பர் 7 கொடி நாளுக்குள் தேவை என்பதால் நவம்பர் 20-க்குள் தருவதாக உங்கள் விற்பனைப் பிரதிநிதி எழுதியே கொடுத்தார். சரக்கு வந்தது ஜனவரி 9. மீதிப் பணம் கட்டினால்தான் லாரியில் ஏற்றுவோம் என்றதால் அதையும் கட்டித் தொலைத்தோம். ஜனவரி 14 படைவீரர் தினம், போகியன்று வருவது. அதற்கு ஐந்து நாள் முன்னால் பெட்டியைப் பிரித்தோம்.

பெரட்டில் தொடங்குகிறோம், ஏனென்றால் உங்கள் ஆளின் மரியாதை கெட்ட பேச்சு அங்கேதான் தொடங்கியது. நாங்கள் கேட்டது பச்சை 40, கருநீலம் 28, கருப்பு 11, மெரூன் 6. பச்சை காலாட்படைக்கு. கருப்பு கவசப் படைக்கு. மெரூன் பாராசூட் ரெஜிமென்ட்டுக்கு. வந்ததில் மெரூன் 46, பச்சை ஒன்றுகூட இல்லை. பச்சைக்குரிய 40-ஐயும் மெரூனில் தைத்து அனுப்பிவிட்டீர்கள். விமானத்திலிருந்து குதிக்காத ஒருவர் மெரூன் பெரட் போட்டுக்கொண்டு நின்றால், பக்கத்தில் நிற்கும் பாரா ஆள் என்ன நினைப்பார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். படைச் சங்கங்களுக்கே தைப்பவர்கள் என்றுதானே உங்கள் விளம்பரம் சொல்கிறது?

இதைச் சொன்னதற்கு ஜனவரி 12 மதியம் உங்கள் கால் சென்டரில் பேசிய இளைஞர் சொன்ன பதில்: "கலர்ல என்ன இருக்கு பெருசு? உங்களுக்கு ரிட்டையர்டு லைஃப், இந்தக் கலர் அந்தக் கலர்னு பார்த்துக்கிட்டு இருக்கலாம். எங்களுக்கு வேலை இருக்கு."

உரையாடல் பதிவு செய்யப்படும் என்று உங்கள் இயந்திரமே முதலில் அறிவிக்கிறது. அந்தப் பதிவை நீங்களே போட்டுக் கேளுங்கள்.

நிறத்தை விட்டாலும் அந்தப் பெரட்டில் இன்னொரு குறை உண்டு. பேட்ஜ் குத்தும் இடத்துக்குப் பின்னால் விறைப்புத் துணி வைத்துத் தைப்பார்கள். அது இடது கண்ணுக்கு மேலே வர வேண்டும். பெரட்டின் மீதித் துணி வலப்பக்கம் இழுத்துப் படியும். உங்களுடையதில் விறைப்புத் துணி வலப்பக்கம் இருக்கிறது. பேட்ஜை இடப்பக்கம் குத்தினால் தொங்குகிறது, வலப்பக்கம் குத்தினால் அது பெரட்டே அல்ல. தலைச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் பெயர் வாரியாகக் கொடுத்திருந்தோம், 55 முதல் 60 வரை. வந்தது எல்லாம் ஒரே அளவு.

பிளேசர். ஒவ்வொருவருக்கும் ஐந்து அளவு எடுத்துக் கொடுத்தோம்: மார்பு, வயிறு, தோள், கை நீளம், முதுகு நீளம். அதில் மார்பை மட்டும் பார்த்து வெட்டியிருக்கிறீர்கள். கடையில் தொங்கும் ரெடிமேட் கோட்டுக்கு மார்பைவிட இடுப்பு ஆறு அங்குலம் குறைவு என்று வைத்து வெட்டுவது வழக்கம். அது இளைஞர்களுக்குச் சரி. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். மார்பு 40 என்றால் வயிறு 41, சிலருக்கு 42. அறுபதில் முப்பத்து நான்கு பிளேசருக்குப் பொத்தான் போட முடியவில்லை. பிரித்துத் தைக்கலாம் என்று உள்ளூர் டெய்லரிடம் கொடுத்தோம். பக்கத் தையலில் ஒரு அங்குலமாவது துணி உள்ளே விட்டிருப்பார்கள், அதுதான் தொழில் முறை. உங்கள் பிளேசரில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. துணி மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். டெய்லர் சிரித்தே விட்டார்.

கிரெஸ்ட், அதாவது மார்புப் பாக்கெட்டில் வரும் சின்னம், அந்த விஷயம் இதைவிட மோசம். ஜரிகையில் கைவேலை, பின்னால் மூன்று கிளட்ச் பின், டிரை கிளீனிங்குக்குப் போடும்போது கழற்ற வேண்டும் என்று ஸ்பெக் தாளில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தோம். நீங்கள் அனுப்பியது மெஷின் எம்பிராய்டரி. அதையும் பாக்கெட்டின் இரண்டு துணியையும் சேர்த்துப் பிடித்துத் தைத்ததால் மார்புப் பாக்கெட்டே மூடிக்கொண்டது. பேனா செருகக்கூட வழி இல்லை. அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியதில் நூல் பளபளப்பாக நசுங்கிக் கிடக்கிறது. காலரில் உள்ளே ஒட்டிய துணி சரியாக ஒட்டவில்லை, முதல் சலவையிலேயே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. அந்தக் காலருடைய படம் உங்கள் வாட்ஸப்பில் இருக்கிறது, நீல டிக்கும் விழுந்திருக்கிறது.

பில்லையும் பாருங்கள். 2026 ஜனவரி 5 தேதியிட்ட பில்லில் பிளேசருக்கு 12 சதவீத ஜிஎஸ்டி போட்டிருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம்தான். 1,44,000-க்கு 17,280 வாங்கியிருக்கிறீர்கள், வர வேண்டியது 7,200. கூடுதல் 10,080. எங்கள் கடையின் வருட விற்பனை பதிவு வரம்புக்கு வெகு கீழே. எங்களுக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது, உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. அந்தப் பத்தாயிரம் நேராக உறுப்பினர் பாக்கெட்டிலிருந்து போனது. உங்கள் கணக்குப் பிரிவுக்கு இது தெரியாது என்று நம்புவது கடினம்.

இதற்காகத்தான் ஜனவரி 28 அன்று சங்கப் பொருளாளரும் உதவிச் செயலாளரும் ஐந்து மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு காட்பாடியில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறித் திருப்பூருக்கு வந்தார்கள். முந்தைய நாள் போனில் கேட்டபோது "வாங்க சார், மேனேஜர் இருப்பார்" என்றார்கள். வந்தால் மேனேஜர் டெல்லி போயிருக்கிறார். கணக்குப் பிரிவு மதியச் சாப்பாட்டில். நான்கு மணி வரை ரிசப்ஷனில் உட்கார வைத்துவிட்டு, சரக்கை லாரி ஷெட்டில் போட்டு எல்ஆர் (லாரி ரசீது) நகலை மெயிலில் அனுப்பினால்தான் எதுவும் செய்ய முடியும் என்றார்கள். அதை முந்தைய நாளே சொல்லியிருக்கக் கூடாதா? ஒருவருக்கு வயது 71, முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர். தண்ணீர் வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. "பெருசு" என்பதுதான் உங்கள் நிறுவனத்தின் மரியாதை என்பது அன்றைக்குத் தெளிவாகப் புரிந்தது.

ரிப்பன் பார் எழுபதும் தலைகீழ். மூத்த பதக்கம் மார்பின் நடுப்பக்கம் வர வேண்டும், அதாவது எதிரே நின்று பார்ப்பவருக்கு இடது ஓரத்தில். நீண்ட சேவைப் பதக்கங்களில் 30 வருடம், பிறகு 20, பிறகு 9. உங்களுடையதில் 9 மார்பின் நடுப்பக்கம் இருக்கிறது. காரணத்தையும் நாங்களே கண்டுபிடித்தோம். ஒப்புதலுக்காக நீங்கள் அனுப்பிய மாதிரிப் படம் சரியாக இருந்தது. அதை அட்டையில் கோத்தவர், செல்ஃபி கேமராவில் எடுத்த இன்னொரு படத்தைப் பார்த்துக் கோத்திருக்கிறார். அதில் இடவலம் மாறித் தெரியும். பின்னணியில் உங்கள் போர்டு எழுத்துகூடத் திரும்பி இருக்கிறது, படத்தை எடுத்துப் பாருங்கள். மேல் வரிசையில் எண்ணிக்கை குறைந்தால் நடுவில் வைக்க வேண்டும். அதையும் ஓரத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்.

மக்கைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. சங்கத்தின் சின்னம் மட்டும் போதும் என்றோம். உங்கள் டிசைனர் "கெத்தா இருக்கும்" என்று அசோகச் சிங்கத்தைச் சேர்த்துவிட்டார், அதுவும் கீழே "சத்யமேவ ஜெயதே" இல்லாமல். 2005-ஆம் ஆண்டின் தேசிய இலச்சினைச் சட்டப்படி இதை வியாபாரப் பொருளில் பயன்படுத்தக் கூடாது. இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாட்டுக்காக வேலை பார்த்தவர்கள் நடத்தும் கடையில் இதை விற்க முடியுமா? 120 மக்கும் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. விற்கவும் முடியவில்லை, சிங்க முகத்தைப் போட்டு உடைக்கவும் மனம் வரவில்லை.

எங்கள் கடை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குப் புரிந்தால் சிக்கலும் புரியும். உறுப்பினர் பெயரில் ரசீது போட்டு முன்பணம் வாங்குகிறோம். வந்த சரக்கு, கொடுத்தது, இருப்பு என்று ஸ்டாக் புத்தகம் இருக்கிறது. மிஞ்சும் லாபம் மரண உதவி நிதிக்குப் போகிறது. பதிவு பெற்ற சங்கம், கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்குழுவில் வைத்தாக வேண்டும். உங்கள் டெலிவரி சலானில் பிளேசர் 57, பில்லில் 60. பெட்டியில் இருந்தது 60. உங்கள் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) இல்லாமல் திரும்பப் போகும் சரக்கைப் புத்தகத்தில் கழிக்க முடியாது. தணிக்கையாளர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். மார்ச் 31 நெருங்குகிறது.

உங்களோடு எங்களுக்குத் தனிப்பட்ட பகை இல்லை. போன ஆண்டு நீங்கள் தந்த டை நன்றாகவே இருந்தது, அதை நம்பித்தான் இந்த ஆர்டரைக் கொடுத்தோம். தயவுசெய்து இதைப் பெரிதாக்காமல் முடித்துத் தாருங்கள்.

இல்லையென்றால் விடமாட்டோம். "நீங்க கடை வச்சு விக்கிறவங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று உங்கள் ஆள் ஒருவர் சட்டம் சொன்னார். மறுவிற்பனைக்கு வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு பிளேசரும் ஒரு உறுப்பினரின் பெயரில், அவர் உடம்பு அளவுக்கு, அவர் கட்டிய முன்பணத்தில் தைத்தது. அறுபது பேரும் அறுபது புகாராக வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுப்பார்கள். 2019 சட்டப்படி அவரவர் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. அறுபது முறை நீங்கள் காட்பாடியில் வந்து இறங்குங்கள். ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வோம். ஜிஎஸ்டி பில்லின் நகல் உரிய அலுவலகத்துக்குப் போகும். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் சங்கங்களும் எங்களைக் கேட்டுத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள்.

சரக்கின் விலை இரண்டு லட்சம் என்றாலும் எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் பத்து லட்சத்துக்குக் குறையாது. படைவீரர் தினத்தில் பழைய சட்டையில் நின்ற அறுபது பேரின் மானத்துக்கு என்ன விலை போடுவீர்கள்?

கேட்பது இவ்வளவுதான். 15 நாளுக்குள் உங்கள் செலவில் லாரி அனுப்பி, 34 பிளேசர், 40 மெரூன் பெரட், 70 ரிப்பன் பார், 120 மக் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மீதி 26 பிளேசருக்கு ஜரிகைக் கிரெஸ்ட் தந்து பாக்கெட்டையும் காலரையும் சரி செய்யுங்கள். மீதி 45 பெரட்டில் விறைப்புத் துணியை மாற்றுங்கள், தலை அளவுக்குப் பொருந்தாததை மாற்றித் தாருங்கள். கூடுதல் வரி 10,080-க்கும் திரும்பும் சரக்குக்கும் கிரெடிட் நோட் வேண்டும். அந்த இளைஞர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இது மட்டும் பேரத்துக்கு உட்பட்டது அல்ல.

கடை ஞாயிறு காலை 10 முதல் 1 வரை திறந்திருக்கும். வருகிற ஆள் இன்ச் டேப்போடு வரட்டும். வயிற்றையும் அளக்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: பில், டெலிவரி சலான், ஸ்பெக் தாள், அளவுப் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள், 19 படங்கள்.