நாவலில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாவல் படிப்பதையே விட்டுவிட்டதாகவும், தெரிந்துகொள்ள ஏதாவது இருப்பது வரலாற்றிலும் தன்வரலாற்றிலும்தான் என்றும் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அண்மையில் அடுத்தடுத்து நான் படித்த இரண்டு புத்தகங்களை அவர் பார்வைக்கு வைக்கிறேன்.

ஒன்று, வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அங்கே 'ஜோதி' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்த சர்மா, மனைவியோடு கிளம்பி மணிப்பூர் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார். அப்படிக் கிளம்பிய பல லட்சம் பேரில் பசியாலும் காலராவாலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். சர்மா எங்கேயும் குரலை உயர்த்தவில்லை. தான் பார்த்ததை மட்டும் எழுதுகிறார். அந்த நேர்மை பெரிது. ஆனால் கூட நடந்து வந்தவன் மனதில் என்ன ஓடியது என்று கேட்டால் அவரிடம் பதில் கிடைக்காது.

இன்னொன்று ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. 1959இல் வந்த நாவல். எல்லோரும் அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யைத்தான் கொண்டாடுகிறார்கள். பெரிய நாவல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பினாங்கில் நண்பர்கள் உட்கார்ந்து தமிழ்ப் பெருமையை வறுத்தெடுக்கும் பக்கங்கள் எனக்குக் கொஞ்சம் நீளம். என் ஓட்டு சின்ன நாவலுக்கே.

யுத்தம் முடிந்து, நேதாஜியின் படையிலிருந்து செல்லையா பினாங்குக்குத் திரும்புகிறான். முன்பு வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். அவனுக்குத் தன் மகள் மரகதத்தைக் கட்டிக்கொடுக்க முதலாளி வயிரமுத்துப் பிள்ளை இப்போது மறுக்கிறார். கெட்டவர் இல்லை. துப்பாக்கி பிடித்தவன் இனி லேவாதேவிக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு. படிக்கும்போது எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அவர் நிலையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ!

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938இல், பதினெட்டு வயதில், இந்தோனேசியாவின் மேடானுக்குக் கடைவேலைக்குப் போனவர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடைக்குள் யார் யாருக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் பக்கம் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் வீடுகளில் பழைய பேரேடுகளை நானும் புரட்டியிருக்கிறேன். வரவு செலவு காலணா வரைக்கும் இருக்கும். முதலாளி கூப்பிட்டால் அடுத்தாளுக்கு வயிற்றைக் கலக்குவதைத் தெரிந்துகொள்ள சிங்காரத்திடம்தான் போக வேண்டும்.

அப்புறம், பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு புத்தகங்களிலும், என் கையில் இருக்கும் பதிப்பில் வரைபடம் இல்லை. சர்மா நடந்த வழியைக் கைப்பேசியில் ஊர் ஊராகத் தேடித்தான் படித்தேன். பாதி ஊர்களின் பெயர் இன்று வேறு. அடுத்த பதிப்பில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், விலை ஐந்து ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவகோட்டை.