இரண்டு கையெழுத்து

அன்பு நண்பா,

உன் முட்டிவலி குறைந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சங்கத்தில் நடந்த ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்ததால்தான் பதில் போட இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

உறுப்பினர் சேர்க்கைக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேனே. போன மாதம் ஓர் அம்மா விண்ணப்பித்தார். எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் பழைய உறுப்பினர்கள் இருவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் விதி. அவருக்கு எங்களில் ஒருவரையும் தெரியாது. 'விதிப்படி ஏற்க இயலவில்லை' என்ற கடிதத்தை எழுதியது நான்தான்.

அந்த விதியில் சாதி, மதம், ஆண், பெண் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் நாங்கள் யாருக்குக் கையெழுத்துப் போடுவோம்? கூடப் படித்தவர், கூட வேலை பார்த்தவர், சொந்தக்காரர். அவர்கள் அழைத்து வருவதும் அதே மாதிரி ஆட்களைத்தான். யாரையும் வேண்டாம் என்று சொல்லாமலே கதவைச் சாத்திவிட முடிகிறது.

நாலு பேர் கூடி உட்கார ஐந்தாவது ஆளிடம் காரணம் சொல்ல வேண்டுமா என்று முன்பு கேட்டாய். வேண்டாம்தான். குடியை விட்டவர்களின் குழுவும், வீட்டில் அடிபட்ட பெண்களின் குழுவும் பிறரை வெளியே நிறுத்துவது அவர்களுக்குப் பாதுகாப்பு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் லண்டனின் மேரிலபோன் கிரிக்கெட் கிளப்பை எடுத்துக்கொள். கிரிக்கெட்டின் விதிகளே அதன் கையில். 1787இல் தொடங்கிய கிளப், பெண்களைச் சேர்க்க 1998 வரை ஆனது. உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணித்தலைவி ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட், 1991இல் 'ஆர். ஃபிளின்ட்' என்று எழுதி அங்கே விண்ணப்பித்தார். அவ்வளவு சாதித்தவர், பெண் என்று தெரியாதபடி பெயரைச் சுருக்க வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984இல் ஜேசீஸ் என்ற இளைஞர் அமைப்பின் வழக்கில் இப்படித்தான் பிரித்துப் பார்த்தது. நெருக்கமான சிறு வட்டத்துக்கு உள்ள சுதந்திரம், ஆள் பார்க்காமல் சேர்த்துக்கொண்டு பெண்களுக்கு முழு உறுப்புரிமை மறுக்கும் பெரிய அமைப்புக்குக் கிடையாது என்றது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். விண்ணப்பித்தவர் இரண்டு கூட்டங்களுக்கு வந்து பழகினாலே போதும், மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் பொதுக்குழு. உங்கள் சங்கத்துக்குப் பைலா எழுதியது நீதானே, இந்த இடத்தை எப்படி எழுதினாய் என்று சொல். அப்புறம், அந்த அம்மாவுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருக்கிறேன். திருத்தம் நிறைவேறும் வரை காத்திருக்கவா, இப்போதே போகவா?

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்